கிருஷ்ணன்குட்டியிடம் சொல்லிவிட்டு இறங்கு

கொல்லயில்,
1954 ஆவணி

அன்பு மகன் ராபின்சனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் கைகாலில் சூடுபடாமல் சுகமாயிருக்கவேண்டும் என்று ஜெபிக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. மூன்று நாட்டுக் கம்பெனிக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து அந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைக் கட்டுகிறார்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது, ஆனாலும் வேலை மளமளவென்று நடக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். இங்கே தமிழும் மலையாளமும் இரண்டு பேச்சும் தெரிந்த நாம்தான் ஒரு தாலுகாவைப் பங்குவைக்கத் தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்கிறோம் என்றார். மண்டை உடைந்தது நிஜம், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நின்றுகொண்டு வாசிக்காதே, உட்கார்.

தாலுகாவை மதராசோடு சேர்க்கக் கேட்டவர்களைத் தெற்கே போலீஸ் சுட்டதிலிருந்து இங்கே யாருக்கும் நிதானமில்லை. பாறசாலைச் சந்தையில் எந்நேரமும் போலீஸ் லாரி நிற்கிறது. போன சனிக்கிழமை நம் ஆட்களும் அதையே கேட்டு ஊர்வலம் போனார்கள். தாலுகா மதராசோடு சேரக்கூடாது என்று கருணாகரன் சார் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினாரே, அந்தக் கோபத்தில் அவர் வீட்டு முன்னால் நின்று கத்தியிருக்கிறார்கள். யாரோ எறிந்த கல் சாரின் நெற்றியைக் கிழித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். யாரோ என்று ஊர் சொல்கிறது. எறிந்தது உன் தம்பி ராஜதாஸ். கதவிலே படும்ணு நெனச்சாக்கும் எறிஞ்சேன் அம்மா என்று என் மடியில் விழுந்து அழுதான். அப்பா அவனை ஆரியங்கோட்டுச் சித்தி வீட்டில் கொண்டு ஒளித்துவைத்தார்.

எனக்கு அதைவிடப் பயம் உன்னை நினைத்துத்தான். நீ டாங்கிக்குள் இறங்கி வெல்டிங் வைக்கும்போது உன் இடுப்புக் கயிற்றை வெளியே நின்று பிடிக்கிறவன் அந்தச் சாருடைய மகன் கிருஷ்ணன்குட்டி அல்லவா. உனக்கு மூச்சு முட்டினால் அவன் இழுத்துப் போடவேண்டும். கிறிஸ்துமசுக்கு முன் எண்ணெய் ஓடவேண்டும் என்று கம்பெனிகள் வேறு உங்களை விரட்டுகின்றன என்கிறாய். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிருஷ்ணன்குட்டியின் அம்மா விலாசினியைப் பார்க்கப் போனேன். அவள் விளக்குமாற்றால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவளோ என்னை உள்ளே கூப்பிட்டு, எறிஞ்சது ஆருண்ணு நான் கண்டேன் புஷ்பம், போலீசுகிட்ட சொல்லல்ல, கிருஷ்ணன்குட்டிக்கும் எழுதல்ல, எழுதினா கயிறு பிடிக்குத கை நடுங்கும், உள்ளே நிக்குதது உன் மோனாக்கும் என்றாள். நான் அந்த வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் அவள் மறைத்தால் மட்டும் நிற்குமா? நம் பக்கத்து ஆட்கள் அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவனாவது ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லிவிடுவான். அதனால் மக்கா, கல் எறிந்தது உன் தம்பி என்று நீயே அவனிடம் சொல். ஒளித்துவைத்துக்கொண்டு அவன் கையில் உயிரைக் கொடுப்பது அவனை ஏமாற்றுகிற வேலை. இனி கயிறு பிடிக்கமாட்டேன் என்று அவன் சொன்னால் முகம் சுளிக்காதே, வேறு நல்ல ஆள் கிடைக்கும்வரை எந்த வெள்ளைக்காரன் விரட்டினாலும் உள்ளே இறங்காதே. வேலை போனால் வீட்டுக்கு வா, மரச்சீனிக் கிழங்கு பிடுங்கித் தின்று பிழைப்போம்.

ராஜதாசைக் கூட்டிவர அப்பா ஆரியங்கோட்டுக்குப் போயிருக்கிறார். போலீஸ் பிள்ளையை அடித்தே கொன்றுவிடும் என்று என்னிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் போனார். எனக்கு மட்டும் அந்தப் பயம் இல்லையா? வந்ததும் நானே அவனைக் கருணாகரன் சார் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். சார் மன்னித்தாலும் சரி, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகச் சொன்னாலும் சரி, அவர் சொல்கிறபடி செய்வேன். இதையும் கிருஷ்ணன்குட்டியிடம் சொல்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அந்தப் பிள்ளையையும் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. அவனிடம் சொல்லாமல் இறங்காதே.

உன் அம்மா
புஷ்பபாய்