முதல் நிலை என்று நான் எழுதிய நைனாவுக்கு

என் நைனா,

இன்று காலை எழுந்ததும், பல் கூடத் துலக்காமல், அலுவலகப் பையிலிருந்து உன் ரத்தக் கொதிப்பு அட்டையை எடுத்துப் பார்த்தேன். "மாத்திரை வாங்க வரவில்லை. நோயின் ஆபத்தை உணரவில்லை. முதல் நிலை." என் கையெழுத்துதான்.

முதல் நிலை என்றால் என்னவென்று நீ கேட்டதில்லை. மனிதர்கள் படிப்படியாகத்தான் மாறுவார்கள் என்கிறது நான் படித்த கோட்பாடு. மாறும் எண்ணமே எழாதவர் முதல் படியில் நிற்பவர். அவருக்கு முதலில் ஆபத்தைப் புரியவைக்க வேண்டும். அதை வைத்துத்தான் ஏரிக்கரை ஊர்களுக்கான மருத்துவ முகாம் திட்டத்தை எழுதினேன். நம் தோணிரேவில்தான் தொடங்கினேன்.

மாதம் ஒரு புதன்கிழமை முகாம். முதல் முகாமில் மாத்திரை வாங்கினாய். அடுத்த இரண்டுக்கு வரவில்லை. ஏன் என்று போனில் கேட்டதற்கு, "எனக்கு இன்னாமா கொறைச்சல்? உன் டாக்டர இட்டுகினு வா, கோல் ஊணிகினு யாரு மொதல்ல கரைக்கு வரான்னு பாத்துக்கலாம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் அட்டையில் ஏற்றினேன்.

அடுத்த முகாமுக்கு நாலு நாள் இருக்கையில் தோணியிலேயே சாய்ந்துவிட்டாய்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, உன்னோடு வலை கட்டும் ஏழுமலை சித்தப்பா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "அந்த ரெண்டு புதங்கெழமயும் நம்ம பாடும்மா. உன்கிட்ட சொல்லி நாள மாத்தச் சொல்லுன்னேன். 'பொண்ணு ஆபீஸ்ல பேசி வச்ச நாளுடா. அப்பனுக்கோசரம் மாத்துனான்னு பேரு வரும். கம்முனு வலய ஏத்து'ன்னுட்டாரு அண்ணன்."

அலுவலகத்தில் நான் விளக்கியிருக்க வேண்டியது இதுதான். ஏரியில் வலை கட்டும் இடம் தலைக்கட்டுகளுக்கு முறைவைத்துத்தான் வரும். அதுதான் பாடு. முறை வந்த அன்று இறங்காவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். அந்தச் சோற்றில் வளர்ந்தவள் நான். திட்டத்தில் 'தடைகள்' என்று ஒரு பக்கமே எழுதினேன்: அறியாமை, அச்சம், குடி, தூரம். பாடு அதில் இல்லை. ஊர்க் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் ஊர்தானே, எனக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

நேரில் வந்து அழுத்தம் பார்த்தால்தான் மாத்திரை என்ற விதியும் நான் போட்டதே. பொன்னேரியிலிருந்து நானே வாங்கிவந்து தந்திருக்கலாம். நீயாக மனம் மாறி வர வேண்டும் என்று காத்திருந்தேன். நீ எதற்காகக் காத்திருந்தாய், நைனா? தலை சுற்றியதா? யாரிடமாவது சொன்னாயா?

காரியம் முடிந்தும் நான் இங்கேயேதான் இருக்கிறேன். அம்மா உன் படத்தைத் தினமும் திட்டுகிறாள். "மாத்திர முழுங்க மாட்டேன்னு வீம்பு புடிச்சி என்ன உட்டுட்டுப் பூட்டியே, பாவி மனுசா." பூ வைக்கும்போதும் வசவுதான். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாளை அலுவலகத்தில் கூட்டம். இதே திட்டம் சுண்ணாம்புக்குளத்துக்குப் போகிறது. மேலாளர் நேற்று போனில் சொன்னார்: "உங்க அப்பா கதையையே சொல்லுங்க மேடம். மாற மாட்டேன்னு நின்னவருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா ஜனங்க பயப்படுவாங்க." சரி சார் என்றேன். சரி என்று சொன்னேன், நைனா.

உண்மையைச் சொன்னால் எதுவும் மாறும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. முகாம் நாட்கள் அச்சாகிவிட்டன. நான் இல்லாவிட்டால் வேறொருவர் கையெழுத்துப் போடுவார். அந்த ஊரிலும் ஒருவர் சிரித்து மழுப்பிவிட்டு வலையேற்றிப் போவார். ஒருத்தி அதை எழுதிக்கொள்வாள். நீயும் எழுந்து வரப்போவதில்லை.

ஆனாலும் உன்னை அந்தக் கதையாக்க விடமாட்டேன். அவர் வர மறுக்கவில்லை, வர முடியாத நாளை வைத்தவள் நான் என்று நாளை எல்லோர் முன்பும் சொல்வேன். அதற்கு முன், இன்று அம்மா மீன் விற்றுவிட்டு வந்து உட்கார்ந்ததும் அவளிடம் சொல்லப்போகிறேன். அவள் என்ன சொல்வாள், என்னோடு பேசுவாளா என்று தெரியவில்லை. இந்த முடிவை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கூடையை இறக்க ஆள் கூப்பிடுகிறாள். போகிறேன்.

உன் மூத்த மகள்,
கௌரி