கடைக் கணினியில் கொழும்பு அலுவலகம்

யூன் 11, 2007. திங்கள்

விடியவே மழை. எதிர் மலை தெரியவில்லை. துணி காயாது.

எங்கள் அலுவலகத்தின் ஹட்டன் கிளை இம்மாதத்தோடு மூடல். தேயிலைத் தோட்டங்களின் மழை அளவு, கொழுந்து நிறை, நான் இத்தனை காலம் சரிபார்த்த எல்லாம் இனிக் கொழும்புக் கணினியில். ஒன்றில் நானும் கொழும்பு போக வேண்டும். அல்லது இங்கிருந்தபடியே அந்தக் கணினிக்குள் போய் வேலை செய்ய முடியும் என்று காட்ட வேண்டும். மாத முடிவு வரை பார்ப்பதாகப் பணிப்பாளர். அவருக்கு நம்பிக்கை இல்லை. எனக்கும்தான்.

ஆனால் அக்கா. பார்வை போன பிறகு இந்த வீட்டைக் கையாலும் காலாலும் படித்தவள். கொழும்பில் திரும்ப முதலிலிருந்தா? யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள் இந்தப் போர்க் காலத்தில் அங்கே வாடகை வீடு தேடுவதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

அக்கா அதற்குள் தன் ரோசாச் சாடிகளை மேலே தோட்டத் தொழிலாளர் லயத்து மாரியாயியிடம் கொடுத்துவிட்டாள். கேட்டால், “போறதெண்டால் முதல் பூக்கண்டைத்தானே குடுக்க வேணும்.”

வாங்க: பருப்பு, மெழுகுதிரி, அக்காவின் கண் மருந்து.

யூன் 12. செவ்வாய்

வீட்டுக்குத் தொலைபேசி இணைப்பு இன்னும் வரவில்லை. ஆகவே டிக்கோயாவில் செல்வராஜ் முதலாளியின் கொமியூனிகேஷன் கடை. முன்பக்கம் பாண், பத்திரிகை. பின்பக்கம் தொலைபேசி, கணினி. நான் ஆசிரியை இல்லை என்று பல தடவை சொல்லியாயிற்று. “சரிங்க டீச்சர்” என்பார்.

கொழும்பில் கணினிப் பிரிவுக்கு நிலந்தி பொறுப்பு. முப்பது வயதிருக்கும், கெட்டிக்காரி. இணைய உலாவியில் ஒரு முகவரி, என் பெயர், கடவுச்சொல். அவ்வளவுதானாம். கடைக் கணினியில் எதையும் பொருத்த வேண்டாம். அலுவலக வலையமைப்பு அப்படியே இங்கே திறக்கும். வழியில் எவரும் வாசிக்க முடியாதபடி குழப்பி அனுப்பும். மென்பொருள் இலவசம். மூலநிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

“அதுதான் மிஸ் பாதுகாப்பு” என்றாள், ஆங்கிலத்தில். “பூட்டு எப்படிச் செய்தது என்று எல்லாரும் பார்க்கலாம். திறப்பு, அதாவது கடவுச்சொல், உங்களிடம் மட்டும்.”

எல்லாரும் பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவளிடம் சொல்லவில்லை.

முகவரியைத் தட்டியதும் எச்சரிக்கை: இந்தத் தளத்தை நம்ப முடியாது, தொடரவா? நிறுத்திவிட்டுத் தொலைபேசி எடுத்தேன். சான்றிதழ் அவர்களே செய்தது, பயமில்லை, ஆம் என்று கொடுங்கள் என்றாள். நம்ப வேண்டாம் என்று அதுவே சொல்கிறதே! சான்றிதழின் எண் வரிசையை வாசிக்கச் சொன்னேன். பெருமூச்சு. வாசித்தாள். ஒவ்வொன்றாகத் திரையோடு ஒப்பிட்டேன்.

முதலாளி எட்டிப் பார்த்து, “என்னாங்க டீச்சர், லொத்தர் சீட்டு விழுந்திருச்சா?”

எண்கள் பொருந்தின. உள்ளே போனேன். என் மேசைக் கணினியில் இருந்த கோப்புகள் எல்லாம் அங்கே. கொஞ்சம் வியப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

யூன் 14. வியாழன்

மழை, காற்று. இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது. அது திரும்ப வருவதற்குள், நான் சும்மா இருக்கிறேன் என்று எண்ணி அலுவலகக் கணினி என்னை வெளியே தள்ளிவிடுகிறது. மறுபடி பெயர், கடவுச்சொல். நோர்வூட் பக்கத் தோட்டங்களின் கணக்கு பாதியில். இப்படியே போனால் பணிப்பாளர் நினைத்ததுதான் நடக்கும்.

சும்மா இருந்தால் வெளியே தள்ளும் அந்த நேர எல்லையை எடுத்துவிடும்படி நிலந்தியைக் கேட்டேன். தயங்கினாள். “வேலை முடிந்ததும் வெளியேறு என்பதை அழுத்துவீர்கள்தானே, மிஸ்?” அழுத்துவேன் என்றேன். எடுத்துவிட்டாள்.

யூன் 15. வெள்ளி

நோர்வூட் முடிந்தது. கடைசி வரியைப் பதியும்போது கரண்ட் போய்விட்டது. திரை கறுப்பு. எல்லாம் அணைந்தது என்று குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மழை விட்டிருந்தது, நடந்தே வந்தேன். அக்கா வானொலியோடு சண்டை: “புதுப் பற்றரி போடாமல் இதென்ன முணுமுணுப்பு.”

யூன் 18. திங்கள்

கடைக்குப் போனால் நான் வழக்கமாக இருக்கும் கணினி மேல் பூப்போட்ட துணி. துணியில் ஒரு மட்டைத் துண்டு, அதில் எழுத்து: டீச்சருக்கு.

முதலாளி துணியை எடுத்தார். திரையில் வெள்ளிக்கிழமைக் கடைசி வரி, நான் விட்ட இடத்திலேயே.

“கரண்ட்டுதானே டீச்சர் போச்சு, பெட்டிக்குக் கீழ பற்றரி இருக்குல்ல? திரைக்கு மட்டுந்தான் அதுல வயரு இல்ல. கரண்ட் வந்தொடன ஒங்க வேல அப்பிடியே நின்னுச்சு. மறுபடி வந்து அடிக்க வேணாமேன்னு மூடாம எடுத்து வச்சேன்.”

“வேற ஆரும் இருந்தவையளோ?”

“ஒருத்தன ஒக்கார விட்டிருப்பேனா? பொடியங்க சண்டைக்கே வந்துட்டானுங்க. டீச்சர் மெசின்டா, போங்கடான்னுட்டேன்.”

வாடிக்கைக்காரருக்குப் பாண், பத்திரிகை எடுத்து வைக்கும் மனிதர். அதே மாதிரிக் கொழும்பு அலுவலகத்தையும் திறந்தபடி எடுத்து வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு முழுக்க.

ஏச மனம் வரவில்லை. வெளியேறு என்பதை அழுத்தினேன்.

பூட்டில் பிழை இல்லை. நேர எல்லையை எடுக்கச் சொன்னதும் நான், கறுப்புத் திரையைப் பார்த்து மூடியது என்று நினைத்ததும் நான்.

ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் கொழும்புக்குப் போக வேண்டியதுதான். அக்காவிடம் மட்டும் சொன்னேன். தேத்தண்ணீரை ஊதிக்கொண்டு கேட்டாள். “உனக்குக் கடவுளிலயும் நம்பிக்கை இல்லை, கொம்பியூட்டரிலயும் இல்லை. சொல்லாமல் விட்டால் உன்னிலயும் போயிடும். பிறகு நான் ஆரோட இருக்கிறது?”

யூன் 19. செவ்வாய்

நிலந்தியிடம் சொன்னேன். பிறகு பதிவுகளைப் பார்த்தாள். வெள்ளிக்குப் பிறகு எதையும் எவரும் தொடவில்லை. “ஆனால் பணிப்பாளரிடம் சொல்லத்தான் வேண்டும், மிஸ்.” சொல்லுங்கள் என்றேன்.

பருப்பு கருகிவிட்டது. இருவரும் அதையே சாப்பிட்டோம்.

யூன் 21. வியாழன்

பதில் இல்லை. மூடுபனி. அக்கா அலுமாரியைத் தடவித் தடவிச் சேலைகளைப் பிரிக்கிறாள். கொண்டுபோக, கொடுக்க.

யூன் 22. வெள்ளி

நிலந்தி கடைத் தொலைபேசிக்கு எடுத்தாள். பணிப்பாளர், இப்படித் தானாக வந்து சொல்பவர்கள் குறைவு என்றாராம். புகழ்ச்சியா முறைப்பாடா, அவளுக்கும் தெரியவில்லை. தொடரலாம். மாத முடிவுக்குப் பிறகும். நேர எல்லை திரும்ப வரும், முன்னையதை விடக் குறுகலாக. வீட்டுக்கு இணைப்பு வந்ததும் கடையை விட்டுவிட வேண்டும்.

முதலாளியிடம் இனி எடுத்து வைக்க வேண்டாம் என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. பாண் மட்டும் எடுத்து வைக்கச் சொன்னேன். அது போதவில்லை அவருக்கு.

பின்னேரம் முழுக்க வெளியே தள்ளியபடியே இருந்தது. திரும்பத் திரும்பக் கடவுச்சொல்.

“என்னாங்க டீச்சர், ஒங்கள வெரட்டிக்கிட்டே இருக்கு?”

“இருக்கட்டும் முதலாளி.”

யூன் 23. சனி

வெயில். துணி எல்லாம் வெளியே.

ரோசாச் சாடிகளைத் திருப்பிக் கேட்டுவா என்றாள் அக்கா. கொடுத்ததைக் கேட்க எனக்கு வெட்கம், போகமாட்டேன் என்றேன். தடியை எடுத்துக்கொண்டு அவளே லயத்துப் பாதையில் ஏறினாள். பின்னால் போனேன், சத்தம் போடாமல். நான் வருவது தெரிந்துதான் போனாள்.

மாரியாயி வாசலில். “ஐயோ, அதுக்கென்னாங்கம்மா, எடுத்துட்டுப் போங்க. இந்தச் செவப்பு மட்டும் மொட்டு விட்டிருக்கு. பூத்து முடியட்டும், நானே கொண்டாந்து வைக்கிறேன்.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“என்னாங்க அவசரம், எங்கயும் போறீங்களா?”

“இல்லை,” என்றாள் அக்கா.