வசந்தி பெயரில் ஒரு சிலிண்டர்

என் பாசமான வசந்தியக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிவளைத்துப் பேசினால் உனக்கும் பிடிக்காது, எனக்கும் வராது. உன் மகள் கௌசி வீட்டுக்குப் பின்னால் செங்கல்லைக் கூட்டி, விறகு வைத்துச் சோறு பொங்கினாள். நீ எந்தப் புகையில் இருமி இருமிப் போனாயோ, அதே புகையில். யாரிடம் போய்க் கத்துவது என்று தெரியவில்லை. கத்த வேண்டிய இடத்தில் கத்தியும் பார்த்துவிட்டேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் உன் நுரையீரலைப் பற்றி என்னென்னவோ எழுதிக் கொடுத்தார்கள். புகை என்ற வார்த்தை அதில் எங்குமே இல்லை. நான் பாய்லர் பார்க்கிறவன் அக்கா. ஈர விறகு அரைகுறையாக எரிந்தால் என்ன வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் பாய்லருக்குப் புகைபோக்கி இருக்கிறது, அதில் வரும் புகையை அளந்து பார்க்க ஆள் வருகிறார். உன் சமையலறையில் ஒரு ஜன்னல்கூட இல்லை. உன் நெஞ்சை யார் அளந்து பார்த்தார்கள்?

கேஸ் வந்த நாள் நினைவிருக்கிறதா? அரசாங்கத் திட்டம், பெண்கள் பெயரில்தான் தருவார்கள் என்றதும் போட்டோ எடுக்கப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாய். நான் கிண்டல் செய்தேன். “சிரிக்காதடா. வீடு மாமியா பேருல, வண்டி ஒங்க மச்சான் பேருல. அடுப்பாச்சும் எம்பேருல இருந்துட்டுப் போகட்டும்” என்றாய். அப்போதே உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. அடுப்பு வந்தது, ஆனால் பிந்தி வந்தது.

போன வருடம் நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமைக்கச் சிலிண்டர் தேவைப்பட்டது. கௌசிதான் உன் போனிலிருந்து பதிவு செய்தாள். உங்கள் தெருவுக்குச் சிலிண்டர் போடுகிற பிச்சையண்ணன் கொண்டுவந்து இறக்கினார். அதே பிச்சையண்ணன்தான் உன் பாடைக்கும் தோள் கொடுத்தவர். பில்லை நீட்டி, “அம்மா பேரையே போட்ரு பாப்பா. எனக்குத் தெரியாததா?” என்றார். பிள்ளையும் உன் பெயரை எழுதினாள். உன் காரியத்துச் சோறு உன் பெயரில் வந்த சிலிண்டரில்தான் வெந்தது. கூடியிருந்த யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. படித்தவன் என்று பெயர் வாங்கிய எனக்கும் தெரியவில்லை. அதன் பிறகு வந்த ஒவ்வொரு சிலிண்டருக்கும் கௌசி அப்படியே எழுதினாள்.

இன்னொன்றையும் கேள். வாசலில் முழு விலையும் கொடுத்து வாங்கியது மச்சான். அரசாங்கம் தருகிற மானியம் போய்ச் சேர்ந்தது உன் பேங்க் கணக்குக்கு. நீ இல்லாமல் அதை யார் எடுப்பது? அது அங்கேயே கிடக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு உதவாமல், உனக்கு மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது அந்த உதவி.

பிறகு உன் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. இணைப்பு வைத்திருப்பவர் ஏஜென்சிக்கு நேரில் வந்து முகத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டுமாம், இல்லாவிட்டால் மானியம் நின்றுவிடுமாம். கௌசி அதை எனக்கு அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். “அம்மாவ எப்பிடி மாமா கூட்டிட்டுப் போறது?”

பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்போம் என்று நினைத்தேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் நகல் எடுத்து, கௌசியையும் பள்ளிக்கு லீவு போட வைத்து ஏஜென்சிக்குக் கூட்டிப் போனேன். மச்சானுக்கு மில்லில் பகல் ஷிப்ட். கவுண்டரில் இருந்தவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எறந்து ஒரு வருசமாச்சா?”

“ஆமா சார்.”

“அப்ப இம்புட்டு நாளா சிலிண்டர் வாங்குனது யாரு? ஆவி வந்து வாங்குச்சா?”

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள்.

“வீட்ல சமைக்கணும்ல சார்.”

“சமைங்க, யாரு வேணாண்டா? செத்தவுக பேருல வாங்குனா அது திருட்டு தம்பி. அரசாங்கச் சொத்தத் திருடுறது. மானியத்தப் பூராத் திருப்பிக் கட்டணும். கையெழுத்துப் போட்டது யாரு? கம்ப்ளைன்ட் குடுத்தா போலீஸ் ஸ்டேசன்ல வந்து நிக்கணும், தெரியும்ல?”

பாஸ்புக்கைத் திறந்து அவர் முகத்துக்கு நேராக வைத்தேன். “திருடுனவன் காச எடுக்காம விட்டு வைப்பானா சார்? பாருங்க. ஒத்த ரூவா எடுக்கல.”

“எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? இந்தத் திட்டத்த ஆம்பள பேருக்கு மாத்த முடியாது. வீட்ல பதினெட்டு வயசு ஆன பொம்பள ஆளு இருக்கா?”

“அப்பத்தாவும் போயிருச்சு சார். இந்தப் பிள்ளைக்குப் பதினாறு.”

அவர் கௌசியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். “அப்ப ஒண்ணு செய்யிங்க. இதோட அப்பனுக்கு இன்னொரு கல்யாணத்தப் பண்ணி வைங்க. புது ஆத்தா பேருல போட்ருவோம்.”

நான் கவுண்டர் கண்ணாடியில் அறைந்தேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. வாட்ச்மேன் வந்து தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். நீ இருந்திருந்தால் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்திருப்பாய். திரும்பும்போது வடமதுரை பஸ்ஸில் கௌசி பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். மாமா மானத்தை வாங்கிவிட்டான் என்று கோபம் போல, என்று நினைத்துக்கொண்டேன். இம்புட்டுத்தான் எனக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரியும்.

சொந்தக்காரர்களிடம் சொன்னால் அதைவிட மோசம். நம் பெரியம்மா, “அந்தாளு சொன்னதுல என்னடா தப்பு? நானே ஒரு எடம் பாத்து வச்சுருக்கேன்” என்கிறது. சித்தப்பா, “தாய்மாமன்னு எதுக்குடா இருக்க? மானியமாம் மானியம். நீ ஒரு கனெக்சன வாங்கிக் குடுத்துட்டுப் போ” என்கிறார். வாங்கிக் கொடுக்க எனக்குத் தெரியாதா? ஆனால் அவளுக்குச் சட்டப்படி வர வேண்டியது ஏன் என் தயவாக வர வேண்டும்? மாமன் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? அதைக் கேட்டால் எல்லோரும் டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே புகை தெரிந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் கௌசி முந்தானை மாதிரி துப்பட்டாவை மூக்கில் பொத்திக்கொண்டு, கண் சிவந்து, ஈர விறகை ஊதிக்கொண்டிருக்கிறாள். நடுவில் இருமுகிறாள். அக்கா, அந்த இருமலை எனக்குத் தெரியும். உன் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் அடுத்த அறையிலிருந்து பல வருடம் கேட்டிருக்கிறேன்.

மச்சான் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் படுத்திருந்தார். எழுப்பிவிட்டுக் கத்தினேன். “சிலிண்டர் தீந்துருச்சுன்னு ஒரு போன் பண்ண மாட்டீங்களா? அக்காவத்தான் புகையிலயே போட்டுக் கொன்னோம். பிள்ளையையும் கொல்லணுமா?”

அவர் எழுந்து உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எனக்கு இன்னும் ஏறியது. காலி சிலிண்டரை நானே வண்டியில் வைத்துக் கொண்டுபோய் எப்படியாவது மாற்றி வருகிறேன் என்று சமையலறைக்குள் போய் அதைத் தூக்கினேன்.

கனத்தது.

தினமும் உருளைகளோடும் வால்வுகளோடும் புழங்குகிறவன் நான். என் கைக்குத் தெரியாமல் போகுமா? கால்வாசிகூடத் தீரவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, மேலே ஒரு சாக்கைப் போர்த்தி வைத்திருந்தாள். கௌசி வாசல்படியில் வந்து நின்றாள்.

“இதுல கேஸ் இருக்கே பாப்பா?”

“இருக்கு மாமா.”

“அப்பறம் ஏன் வெளிய போயி விறகுல ஊதுற?”

“அது திருட்டு சிலிண்டருல்ல. அந்த ஆளு சொன்னாருல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “கையெழுத்துப் போட்டது நாந்தானே மாமா. போலீஸ் வந்து பாத்தா, தொடலன்னு காட்டணும்ல” என்றாள்.

நான் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஆள் அவளைத் திருடி என்றான். நான் கண்ணாடியில் அறைந்து, பெரிய விஷயம்தான் போல என்று அவளை நம்ப வைத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் போலீஸ் ஜீப்பைப் பார்த்தால் சந்துக்குள் ஒதுங்கி நின்றிருக்கிறாள். அத்தனை நாளும் வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

மச்சான் அப்போதுதான் வாயைத் திறந்தார். “அவ எறந்தத ஆபீஸ்ல சொன்னா அடுப்பப் பிடுங்கிட்டுப் போயிருவாகன்னு மில்லுல சொன்னாய்ங்க மாப்ள. கவுருமெண்டு அடுப்புல்ல. அதுனாலதான் சொல்லாம இருந்தேன். பிள்ளை பயந்துக்கிட்டுக் கெடக்கும்னு நான் கண்டனா?” விறகில் பொங்கச் சொன்னது நீங்களா என்று கேட்டேன். சிலிண்டர் தீர்ந்துவிட்டது, அடுத்தது வரும்வரை விறகில் சமாளிக்கலாம் என்று கௌசிதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

மறுநாளிலிருந்து அவருக்குப் பகல் ஷிப்ட், ஆனால் காலையில் வேலைக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, “வா மாப்ள, போவோம். நீ வாயத் தொறக்கக் கூடாது” என்றார். ஏஜென்சி வாசலில் பிச்சையண்ணன் வண்டியில் சிலிண்டர் ஏற்றிக்கொண்டிருந்தார். மச்சானைப் பார்த்ததும் என்ன ஏதென்று கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கூடவே உள்ளே வந்தார்.

அதே ஆள், அதே கவுண்டர்.

“எம் பொஞ்சாதி பேருல சிலிண்டர் வாங்குனது நான்” என்றார் மச்சான். “கையெழுத்துப் போட்டதும் நாந்தான். எம்பிள்ளை இல்ல. கம்ப்ளைன்ட் குடுக்கணும்னா எம்பேருல குடுங்க.”

“நாந்தான் சார் போடச் சொன்னேன்” என்று பிச்சையண்ணன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “அந்தம்மா எறந்தது நம்ம ஆபீஸ்ல எல்லாத்துக்கும் தெரியும். நீங்ககூட, கேதத்துக்குப் போயிட்டு வாய்யான்னு எனக்கு லீவு குடுத்தீகள்ல?”

அந்த ஆளுக்கு முகம் மாறியது. பழைய பில் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் மச்சான் முன்னால் தள்ளினார். “நீதான் போட்டியா? எங்க, போட்டுக் காட்டு.”

மச்சான் குனிந்து எழுதினார். எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் தெரியுமா? மில் சம்பளத்துக்குத் தன் பெயரைக் கிறுக்குகிறவர், உன் பெயரை எழுத்து எழுத்தாக, அழுத்தி அழுத்தி எழுதினார். நீ இருந்தவரை உன்னை ஏய், இந்தா என்றுதானே கூப்பிடுவார்? அவர் கையால் உன் பெயரை எழுதி அன்றுதான் பார்த்தேன். பில்லில் இருந்தது பள்ளிக்கூடப் பிள்ளையின் சாய்ந்த எழுத்து. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கண் தெரியாதவன்கூடச் சொல்லிவிடுவான்.

அந்த ஆள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மச்சான் நிமிர்ந்து நின்றார். விஷயம் மேலே போனால், தெரிந்தே சிலிண்டர் கொடுத்த தன் ஆபீஸும் மாட்டும் என்று அந்த ஆளுக்கு உறைத்திருக்க வேண்டும். “சரி, மனுவக் குடுத்துட்டுப் போங்க. மேல அனுப்புறேன்” என்று நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

அவரை நல்லவர் என்று நான் எழுத மாட்டேன். பேசக் கூடாது என்ற கட்டளையையும் மீறிக் கேட்டேன். “திருட்டுன்னு சொன்னீங்கல்ல, திருட்டு இல்லன்னும் எழுதிக் குடுங்க. பிள்ளைகிட்டக் காட்டணும்.”

“போங்க தம்பி, வேலை கெடக்கு” என்றார்.

மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. கவுண்டரில் ஆண் பெயருக்கு மாற்ற முடியாது என்கிறார்கள். கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டால் மாற்றலாம், ஆனால் மானியம் கிடைக்காது என்கிறார்கள். கலெக்டர் ஆபீஸில் இருந்த அம்மா, அதெல்லாம் கிடைக்கும், யார் சொன்னது என்கிறார். ஒரு வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் எங்கள் கம்பெனியில் மூன்று பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இங்கே நாம்தான் வெளியே நிற்கிறோம்.

முத்திரை குத்திய தாளைக் கௌசியிடம் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டது தான்தான் என்று அப்பா சொல்லிவிட்டு வந்த கதையையும் சொன்னேன். அவள் அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். தாளை முழுக்கப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “இனிமே பத்த வைக்கலாமா மாமா?” என்றாள்.

தன் வீட்டு அடுப்பைப் பற்ற வைக்க ஒரு பிள்ளை அனுமதி கேட்கிறாள் அக்கா. இதற்கு நான் யார்மீது கை வைப்பது? சொல். மச்சான்தான் போய் ரெகுலேட்டரை மாட்டி, பற்ற வைத்து, எங்களுக்குக் கடுங்காப்பி போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். மூன்று பேரும் அப்படியே குடித்தோம்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த மனுவுக்கு எழுத்தில் பதில் வரும்வரை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் போய் நிற்பேன். சம்பளம் பிடித்தாலும் சரி. கண்ணாடியில் அறைய மாட்டேன். பிள்ளை பயப்படுகிறாள். செங்கல்லையெல்லாம் அன்றைக்கே பிரித்துப் போட்டுவிட்டேன். உதவி வந்தாலும் வராவிட்டாலும் உன் மகள் இனி ஊத மாட்டாள்.

கோபம் அடங்காத உன் தம்பி,
கௌசியின் தாய்மாமன்,
சங்கர்