எட்டாத கொடி

சிவமயம்
அச்சுவேலி
3-2-1935

அன்புள்ள தம்பி பரமலிங்கத்துக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத இந்த வீட்டில் இப்போது வேறு யாருமில்லை. நான் சுகம். என் மகன் பொன்னம்பலம் பெண்சாதி அருந்ததியோடு சாவகச்சேரிக்குப் போய் மாமியார் வீட்டில் இருக்கிறான்.

என்ன நடந்ததென்று கேட்பாய். சீலை காயப்போடும் கொடியை அருந்ததி என் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டியிருந்தாள். "பிள்ளை, நான் இந்த வீட்டிலை சீலை காயப்போடக் கூடாதெண்டால் நேரை சொல்லு" என்றேன். வாயே திறக்கவில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொடியை உயர்த்தின கை என்ரை அடுப்பைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாளே போய்விட்டார்கள்.

இப்போது நாலுகால் வாங்கை இழுத்துப் போட்டு அதில் ஏறித்தான் காயப்போடுகிறேன். நெசவுக்காரனும் இந்தமுறை அகலமாக நெய்துவிட்டான். சீலைக்கரை நிலத்தில் இழுபடுகிறது. போன மாரியில் முறிந்த மணிக்கட்டு பொருந்திவிட்டது. முதுகடியில் நாரி நோவுதான் விடுகிறதில்லை.

உன் அக்கா,
சிவக்கொழுந்து

தைப்பிங்
1-3-1935

அன்புள்ள அக்காவுக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த வாங்கை உள்ளே கொண்டுபோய்ப் போடுங்கள்.

இருபத்திரண்டு வருஷமாக இங்கே ஆசுப்பத்திரியில் கட்டுப் போடுகிறேன். வருகிறவர்களின் வயதையும் எலும்பு முறிந்த இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது என் வழக்கம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அதைப் புரட்டினேன். ஐம்பது வயது தாண்டி மணிக்கட்டு முறிந்து வந்த பெண்கள் நாற்பத்தொரு பேர். அவர்களில் ஒன்பது பேர் சில வருஷத்தில் இடுப்பெலும்பு முறிந்து திரும்பி வந்தார்கள். யாரும் மரத்திலிருந்து விழவில்லை. வாசற்படி, ஈரத்தரை, ஒரு முக்காலி, அவ்வளவுதான். அந்த ஒன்பது பேரில் மறுபடி நடந்தவர்கள் இரண்டு பேர். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

வயதுபோன பெண்களுக்கு முதுகெலும்பு உள்ளுக்குள் மெல்ல நொறுங்கி ஆள் குறுகுவதையும் கண்டிருக்கிறேன். நெசவுக்காரனில் பிழையில்லை. அருந்ததியிலும் இல்லையென்று நினைக்கிறேன். கொடி கட்டிய கப்பை, அந்த மரத்தூணைப் போய்ப் பாருங்கள். அவள் உயர்த்திக் கட்டியிருந்தால், பழைய கயிற்றுத் தழும்பு இப்போதைய கயிற்றுக்குக் கீழே இருக்கும்.

தனியே இருக்காதீர்கள்.

தம்பி,
பரமலிங்கம்

அச்சுவேலி
22-3-1935

தம்பிக்கு,

உன் கொப்பியில் என்னை ஏற்றாதே. குறுகிப்போனேனாம்! கடல் கடந்து இருந்துகொண்டு என்னை அளக்கிறாய். வீட்டுக்காரி நான், எந்தக் கப்பையும் போய்ப் பார்க்க மாட்டேன். வாங்கு முற்றத்திலேயே கிடக்கிறது.

சிவக்கொழுந்து

அச்சுவேலி
9-4-1935

என் அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்தைக் கிழித்துவிடு.

சித்திரை வருஷப் பிறப்புக்கு வீடு மெழுகி, கப்புகளையும் துடைத்தேன். அப்போது கண்ணில் பட்டது. இப்போதைய கயிற்றுக்குக் கீழே ஒரு கீறலும் இல்லை. மேலேதான் இரண்டு தழும்பு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. தம்பி, அவள் கொடியை உயர்த்தவேயில்லை. இரண்டு தரம் இறக்கிக் கட்டியிருக்கிறாள். அதற்குள் நான் இன்னும் குறுகியிருக்கிறேன். கப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நேற்று வண்டி பிடித்துச் சாவகச்சேரிக்குப் போனேன். "ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள் குறுகிப் போறியளெண்டு உங்கடை முகத்தைப் பாத்து எப்பிடி மாமி சொல்லுறது?" என்றாள். "வா, இன்னும் நாலு விரல் இறக்கிக் கட்டு" என்றேன். இன்று காலை கட்டினாள். இதை எழுதும்போது அடுப்படியில் நிற்கிறாள். வாங்கைப் பொன்னம்பலம் உள்ளே தூக்கிப் போட்டுவிட்டான்.

உன் கொப்பியை எடு. சிவக்கொழுந்து, வயது அறுபத்துமூன்று, மணிக்கட்டு என்று எழுது. அதற்குப் பக்கத்தில் இடுப்பெலும்பு என்று எழுத இடம் விடாதே.

உன் அக்கா,
சிவக்கொழுந்து