போன வருஷத்து மேகம்

சாலை பஜார்,
திருவனந்தபுரம்.

அன்பு மகள் ரெம்யாவுக்கு,

போன வருஷம் எடுத்த பனியாற்றுப் படத்தையே இந்த வருஷத்துப் படம் என்று அனுப்பி நீ என்னை ஏமாற்றிவிட்டாய். இதை எழுதாமல் நலம் விசாரிக்கக் கை வரவில்லை, எழுதியாகிவிட்டது, இனி விசாரிக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா, அங்கே குளிர் தொடங்கியிருக்கும், உனக்குச் சின்ன வயதிலிருந்தே சளி பிடிக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே. இங்கே நானும் உன் அம்மையும் நலம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கடைக்குப் போய்வருகிறேன், ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறேன், உப்பு விஷயத்தில் மட்டும் அம்மையோடு தினமும் சண்டை.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று யோசிப்பாய். நீ அந்த சுவிஸ் மலையில் பனியாற்றை அளக்கும் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் வருஷம்தோறும் ஒரே பாறையில் நின்று எடுத்து அனுப்பும் படங்களை பிரிண்ட் போட்டு, கடையில் கயிற்றுச் சுருள்களுக்கு மேலே வரிசையாக மாட்டியிருக்கிறேன் அல்லவா. வருகிறவர்கள் அண்ணாச்சி, ஐஸ் எப்படி இருக்கு என்று விசாரித்துவிட்டுத்தான் ஆணியும் கீலும் கேட்கிறார்கள். விற்காமலே குறைகிற சரக்கு நம்ம கடையில் அது ஒன்றுதான் என்று கடையில் நிற்கும் நேசையன் கிண்டல் செய்வான். புதுப் படம் வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், இந்த வருஷம் ஒரு சாண்கூடக் குறையவில்லை என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் சாயா வாங்கிக் கொடுத்தேன். நேசையன்தான் ஏணியில் நின்றபடியே, ஐஸ் நிக்கட்டும் அண்ணாச்சி, மேகமுமா ஒரு வருஷமா நகராம நிக்குது என்று கேட்டான். பார்த்தேன். உச்சிக்கு இடப்பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரி அதே மேகம், கீழே மூட்டையோடு குனிந்து நிற்கும் அதே ஆள். சாயா குடித்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது.

உன் அண்ணன் தாணுமாலையனைப் பிடித்துக் கேட்டேன். மழுப்பிப் பார்த்தான், விடவில்லை, பிறகு நிஜமான படத்தை ஃபோனில் காட்டினான். பனியாற்றின் கீழ்ப்பாதி தனியே அறுந்து கிடக்கிறது, எவ்வளவு உருகுகிறது என்று அளக்க ஐஸில் துளைபோட்டு நீ நட்ட கம்புகள் வெறும் கல்லின்மேல் சாய்ந்து கிடக்கின்றன. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷன், பார்த்தால் தாங்கமாட்டார் என்று நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டீர்களாம். நம் வீடுகளில் நோயாளியிடம் கெட்ட சேதியை மறைப்பார்கள், அந்தப் பழக்கத்தை நீ சுவிஸ் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறாய். மகளே, எனக்கு அடைப்பை எடுத்துவிட்டார்கள். நோயாளி அங்கேதான் கிடக்கிறது.

அதைவிட வருத்தம் அவன் அடுத்துச் சொன்னது. இனி மலைக்குப் போகமாட்டேன், பார்க்கப் பொறுக்கவில்லை, ஆபீசுக்குள்ளேயே கம்ப்யூட்டர் வேலை கேட்கப் போகிறேன் என்று அழுதாயாமே. அழு, அதில் தப்பில்லை. பனியைத் தொட்டே பார்க்காத எனக்கே அன்று சோறு இறங்கவில்லை, அதன்மேல் நடந்து பழகிய உனக்கு எப்படி இருக்கும். ஆனால் உன் பெரிய அத்தை பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்ன பிறகு நாம் பார்க்கப் போவதை நிறுத்தினோமா. அத்தைக்குக் கஞ்சி இறங்காத நாளிலும் உன் அம்மை போய்க் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், எதிர்த்துப் பேசாதே. அந்த ஆபீஸ் வேலையை நீ கேட்கக்கூடாது, கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். விழுந்த கம்புகளை எடுத்து, மேலே ஐஸ் மிச்சமிருக்கும் இடத்தில் நட வேண்டும். அன்றைக்கு மாப்பிள்ளை லீவு போட்டு அடிவாரம் வரைக்குமாவது உன்னோடு வரட்டும், நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். தாணு அந்த நிஜப் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டுக்கொண்டு வருவான், கூட்டுச் சேர்ந்ததற்கு அதுதான் தண்டனை. நேசையன் பொய்ப் படத்தைக் கழற்றி அந்த ஆணியில் இதை மாட்டிவிட்டு, பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து வைப்பான். அடுத்த வருஷம் நீ அதே பாறையில் நின்று எடுக்க வேண்டும், வெறும் கல்தான் தெரிந்தாலும் எடுத்து அனுப்ப வேண்டும். கேட்கிறவர்களுக்கு அதைக் காட்டிச் சொல்ல நான் கடையில் இருக்க வேண்டும், அதற்காக உப்பைக் குறைத்துக்கொள்கிறேன், அம்மையிடம் சொல்லியாகிவிட்டது.

பத்மநாபசாமி உன் கால் வழுக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத உன் அப்பா,
குற்றாலலிங்கம்.