ஈய ஏப்ரனில் விழுந்த கோடுகள்

12.6.86 வியாழன்

காலையிலேயே புழுக்கம். கரண்ட் வந்தது பத்தே காலுக்கு. மார்புப் படம் எட்டு. அதில் குழந்தைகள் மூன்று.

மூன்றையும் அசையாமல் பிடித்தது எங்கள் எக்ஸ்ரே அறை உதவியாள் மாதம்மாள்தான். பெற்றவள் பிடிக்கட்டும், தினமும் ஒரே ஆள் மேல் கதிர் படக்கூடாது என்று எத்தனை தடவை சொல்வது?

“அவிங்க புடிச்சா புள்ள ஆடுதுங்க சார். நீங்க மறுக்கா எடுப்பீங்க. அந்தக் கொழந்தைக்கு ரெண்டு தடவ படுறதுக்கு நானே புடிச்சுக்கறேனுங்க.”

அதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

சாயங்காலம், கதிர் படாமல் இருக்க அவள் போட்டிருந்த ஈய ஏப்ரனைப் பட்டுப்புடவை மாதிரி நாலாக மடித்து பீரோவில் வைக்கிறாள். மடிக்காதே, தொங்கவிடு, உள்ளே இருக்கும் ஈயத் தகடு விரிசல் விட்டுவிடும் என்றேன். சிரிக்கிறாள்.

வாங்க: பெரிய ஆணி 2, அம்மாவுக்குத் தைலம்.

13.6.86 வெள்ளி

தூறல். கூட்டம் குறைவு. மனசு கேட்காமல் ஏப்ரனையே மேசையில் விரித்துப் படம் எடுத்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கருப்புக் கோடு. ஈயம் போன இடம். ஒன்று சரியாக வயிற்றுக்கு நேரே.

ஏப்ரனையும் படத்தையும் ஆஸ்பத்திரி கிளார்க்கிடம் கொண்டுபோனேன். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“யாரு படங்க இது? பேஷண்ட் பேரே காணோம்?”

புது ஏப்ரன் வேண்டும் என்றேன்.

“துணி எங்கயும் கிழியலீங்களே. கிழிஞ்சா எழுதிக் குடுங்க, மூணு காப்பி.”

கார்பன் தாள் இல்லை. அதற்கும் எழுதித்தான் கேட்க வேண்டுமாம். கத்தரிக்கோல் எடுத்து நானே கிழித்துவிடலாமா என்றிருந்தது.

தைலம் மறந்துபோச்சு.

14.6.86 சனி

மாதம்மாளைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். இந்தக் கோடு வழியாகக் கதிர் உள்ளே போகும் என்றேன். படத்தை வாங்கி அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“வயித்துக்கு நேரா இருக்குதே சார்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை மாதம்?

“நாலு நடக்குதுங்க. மொத ரெண்டும் தங்கல. அஞ்சு ஆகறவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சுவுடாதன்னு மாமியா சொல்லிருச்சுங்க.”

கோபம் அடங்கவில்லை. அப்படியிருக்க அதை ஏன் மடித்தாய் என்று கத்திவிட்டேன். சொல்லச் சொல்லக் கேட்காமல்!

“இதுதான் காப்பாத்தும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. முன்னல்லாம் ஆணியிலதான் மாட்டுவேன். நாள் தள்ளிப்போனதுல இருந்துதானுங்க இப்படிப் பத்திரமா மடிச்சு வெக்கறேன்.”