கீழே ஒரு துண்டுகூட இல்லை

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம், மனசுக்குத்தான் சரியில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படியை இப்போதெல்லாம் திட்டாமல் ஏறுகிறாள். சமையலறைக் குழாய் மட்டும் பழையபடி ஒழுகுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, நிறுத்தி வைத்திருந்த உன் காரை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள், மாடி வீட்டுக்காரர்தான், சந்தேகமே இல்லை, அவரை உண்டு இல்லை என்று பண்ணப்போகிறேன், என்ன செய்யணும் சொல்லுங்கப்பா என்று கேட்டாய். லைன் சரியில்லை, எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. மறுநாளே அம்மா உன்னைக் கூப்பிட்டு, அப்பா கடிதம் வரும்வரை யாரிடமும் எதுவும் பேசாதே என்று காரணம் சொல்லாமல் சொன்னாளே, அந்தக் காரணத்தைத்தான் இதில் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன், முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூலில் கத்திய வாய் சும்மா இருக்காது. வண்டியை இடத்தைவிட்டு நகர்த்தாதே, கழுவாதே. வைப்பரில் யாராவது சீட்டுச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்களா பார், நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். தள்ளி நின்று நாலு போட்டோ, கிட்டப் போய் நாலு போட்டோ எடு, பக்கத்தில் நிற்கும் வண்டிகளும் தெரியட்டும். எத்தனை மணிக்கு நிறுத்தினாய், எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று மறப்பதற்குள் எழுதி வை. காவலாளியிடம் கேமரா உண்டா என்று கேள், போலீசில் ஒரு புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள், இன்ஷூரன்ஸ்காரருக்குச் சொல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் விடாதே. இதையெல்லாம் நானும் போன மாதம் செய்தேன். ஒன்று விடாமல் செய்தேன், அதற்குப் பிறகு நடந்ததைக் கேள்.

எதிர்க் கடைக்குத் தினமும் ரொட்டி கொண்டுவரும் பேக்கரி வேன் டிரைவரை உனக்குத் தெரியும், டாண் என்று ஆறு மணிக்கு வந்துவிடுவார், அதனால் தெருவே அவரை 'ஆறு மணி' என்றுதான் கூப்பிடும். நம் வாசலில், நம் காருக்குப் பின்னால்தான் வேனை ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவார். போன மாதம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு நான் வழக்கம்போல நம் நீல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன், பின்பக்கம் இடது மூலை நசுங்கி டெயில் லைட் உடைந்து கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நிறுத்தி வைத்த வண்டியை இடித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறவன் மனுஷனா என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, என்னங்க, கீழ ஒரு துண்டுகூட இல்லையே, உடைஞ்ச லைட்டெல்லாம் எங்க போச்சு என்று கேட்டாள். அள்ளிக்கிட்டுப் போயிருப்பான், உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். இதை நீ நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

போட்டோக்களையும் அம்மாவின் தையல் டேப்பையும் எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். நசுங்கிய இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், வேனின் பம்பர் எவ்வளவு உயரம் என்று முதலாளி முன்னால் அளந்து காட்டினேன், ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. 'ஆறு மணி' பக்கத்தில் நின்று, நான் இடிக்கல சார், சத்தியமா இடிக்கல சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதலாளியோ, இத்தனை வருஷம் ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தவர் சொன்னா அதுக்கு மேல என்ன இருக்கு என்று அங்கேயே வேன் சாவியை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டார். அவரை மாவு மூட்டை இறக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஐம்பது தாண்டிய மனிதர், இடுப்பு வலிக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு வேன் ஓட்டியவர். நான் வீட்டுக்கு வந்து அன்றைக்கு இரண்டாவது தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பதினோரு நாள் கழித்துக் கண் ஆஸ்பத்திரியில் புதுக் கண்ணாடி வாங்க அம்மாவோடு பஸ்ஸில் போனேன். அங்கே வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புக் கம்பம் ஒன்று இருக்கிறது. அதில் இடுப்புக்குக் கீழே நீலமாக ஒரு தீற்றல். அடியில் செடிக்குள் சிவப்பாகச் சில துண்டுகள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு துண்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து உடைந்த இடத்தில் அதை வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. வண்டியில் நசுங்கல் தெரிந்ததற்கு முந்தின நாள்தான் கண்ணைச் சோதிக்க நான் தனியாக அங்கே போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டிருக்கோம், ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டாதீங்க என்று நர்ஸ் சொன்னாள். ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்த எனக்கா என்று நினைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் லொட்டென்று ஒரு சத்தம் கேட்டது, சக்கரம் ஏதோ கல்லில் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். சத்தம் கேட்டால் இறங்கிப் பார் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், எனக்கு இறங்கத் தோன்றவில்லை.

முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். எழுதிக் குடுங்க சார், அப்பத்தான் சாவியைத் திருப்பித் தர முடியும் என்றார். முதல் காகிதத்தில் கண் மருந்தைப் பற்றியே பாதிப் பக்கம் எழுதினேன், அம்மா படித்துவிட்டு, மருந்து மேல பழியப் போடாதீங்க, நர்ஸ் சொல்லியும் ஓட்டினது நீங்கதான் என்றாள். கிழித்துப் போட்டுவிட்டு நாலே வரியில் எழுதினேன், என் வண்டியை நானே கம்பத்தில் மோதினேன், இவர் மேல் தவறில்லை என்று. அதை எடுத்துக்கொண்டு மூட்டை இறக்கும் இடத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் ஆறு மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, அன்னிக்கு எத்தன தடவ சொன்னேன் சார், நீங்க டேப்பத்தான் பாத்தீங்க, என் மூஞ்சியப் பாக்கவே இல்ல என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, சாதாரணமாகச் சொன்னார்.

சாவி அவர் கைக்கு மறுநாளே வந்துவிட்டது. ஆனால் இப்போது அவர் நம் வாசலில் வேனை நிறுத்துவதில்லை. தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு ரொட்டித் தட்டுகளை இரண்டு இரண்டாகச் சுமந்துகொண்டு நம் வீட்டைத் தாண்டி நடந்து போகிறார். அவருக்கு இடம் இருக்கட்டும் என்று நம் வண்டியை மெக்கானிக்கை விட்டுப் பின்சந்துக்கு மாற்றிவிட்டேன், அப்படியும் நிறுத்தவில்லை. நான் கேட்டருகே நிற்பேன், வணக்கம் சார் என்பார், போய்விடுவார். இடுப்பு பெல்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நாலு நடை நடக்கிறார். நானும் தினமும் ஆறு மணிக்கு எழுந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வண்டியை இனி நான் தொடப்போவதில்லை, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அதனால் என் கண்ணே, நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய், ஆனால் அதற்கு முன்னால் உன் வண்டிக்குக் கீழே குனிந்து பார். உடைந்தது அங்கேயே கிடக்கிறதா பார். கடைசியாக வண்டி எங்கெங்கே போனது என்று நீயும் மாப்பிள்ளையும் சண்டை போடாமல் உட்கார்ந்து யோசியுங்கள். அப்புறமும் மாடி வீட்டுக்காரர்தான் என்று தோன்றினால் போய்க் கதவைத் தட்டு, தட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துப் பேசு. இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் வாழ வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

அம்மா பேசாதே என்று சொல்லியிருக்கிறாள், ஆனாலும் நீ என் மகள், இதற்குள் பேசியிருப்பாய் என்றுதான் பயமாக இருக்கிறது. பேசியிருந்தால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இப்போதே மாடி ஏறிப் போ.

அன்புடன்,
உன் அப்பா